கார்த்திகையில் குட்டி ஏன் தங்குவதில்லை?

கேள்வி: பண்ருட்டிக்கும் வடலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் முந்திரி, வரப்போரமாகப் பத்துப் பலா, ஏரிக்குக் கீழே முக்கால் ஏக்கர் நஞ்சை இருக்கிறது. போன சித்திரையில் வேப்பூர் சந்தையில் 18 பெட்டை ஆடும் ஒரு கிடாயும் வாங்கினோம். ஐப்பசிக் கடைசியில் தொடங்கி கார்த்திகை முடிவதற்குள் 14 குட்டிகள் பிறந்தன. அதில் 9 செத்துவிட்டன. பெரிய ஆடும் இரண்டு போய்விட்டது. மாதம் தவறாமல் பூச்சி மருந்து கொடுக்கிறேன். அப்படியும் நாலைந்து ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே பை மாதிரி தொங்குகிறது. முந்திரி இலை தின்றதால்தான் என்கிறார் ஒருவர். பரண் கொட்டகை போட்டால் சரியாகும், கடன் வாங்கு என்கிறார் இன்னொருவர். என் மாமியாரோ, 'மழைக் குட்டி தங்காதுடி, எல்லாத்தையும் வித்துட்டு வேற வேலையப் பாரு' என்கிறார். இப்போது தை மாதம். நான் என்ன செய்வது?

பதில்:

உங்கள் மாமியார் சொன்னதில் முதல் பாதி சரி. மழைக் குட்டி தங்காது, தங்கினாலும் தேற வெகுநாள் ஆகும். விற்றுவிடச் சொன்ன பாதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கடன் வாங்கிப் பரண் போடுவதும் இந்த வருஷம் வேண்டாம். முந்திரி இலை பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். முற்றிய முந்திரி இலையை ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். வேறு தழை கிடைக்கிற இடத்தில் அதை வயிறு முட்டத் தின்ற ஆட்டை நான் பார்த்ததில்லை.

கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் கணக்குப் போட்டது குட்டிகள் பிறந்த மாதத்தை வைத்துத்தான். வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 150 நாள், நம் கணக்கில் ஐந்து மாதம். ஐப்பசிக் கடைசியில் ஈன்ற ஆடு வைகாசிக் கடைசியில் கிடாயோடு சேர்ந்திருக்கிறது. கார்த்திகையில் ஈன்றவை ஆனியில் சேர்ந்தவை. சித்திரையில் புது இடத்துக்கு வந்த ஆடுகள் ஒரு மாதத்தில் பழகி, கோடை மழைக்குக் கிளம்பிய பசுமையைத் தின்று, உடம்பு கொஞ்சம் தேறியதும் பருவத்துக்கு வந்துவிட்டன. கிடாய் கூடவே இருந்தது. அப்போதே கார்த்திகைச் சாவு பாதி முடிவாகிவிட்டது. பரணோ மருந்தோ அதற்கப்புறம் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். நம் பக்கத்து வெள்ளாட்டுக் குட்டி பிறக்கும்போது ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும். இரட்டைக் குட்டியென்றால் இன்னும் குறையும். உடம்பில் கொழுப்பு என்று சொல்ல எதுவும் இருக்காது. ஈரமாக விழுகிற குட்டியைத் தாய் நக்கி உலர்த்துவதற்குள் மழைச்சாரலோடு வாடை அடித்தால் உடல் சூடு மளமளவென்று இறங்கும். சூடு இறங்கிய குட்டிக்கு எழுந்து நின்று காம்பைத் தேட வலு வராது, சீம்பால் தவறிவிடும். இங்கேதான் விஷயம் முற்றுகிறது. ஆட்டுக்குட்டிக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புச் சக்தி ரத்தம் வழியாக வருவதில்லை. மொத்தமும் சீம்பாலில்தான் வர வேண்டும். பிறந்து ஒரு நாள் தாண்டினால் குடல் அதை உள்ளே வாங்கிக்கொள்ளாது. அப்படிப்பட்ட குட்டி நாலாம் நாளோ பத்தாம் நாளோ கழிச்சலிலும் சளியிலும் போகும்போது, நமக்குக் கழிச்சலும் சளியும்தான் கண்ணுக்குத் தெரியும்.

தாயும் அதே சமயத்தில் பட்டினி கிடக்கிறது. செம்மறியாவது நனைந்துகொண்டே மேயும். வெள்ளாடு இரண்டு சொட்டு விழுந்ததும் கொட்டகைக்கு ஓடிவரும். அடைமழையில் மூன்று நாள் வெளியே விட முடியாமல் போனால் மடியில் பால் வற்றிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அடுத்தடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தில் கடலூர்ப் பக்கம் ஊர் ஊராகத் தண்ணீர் நின்றது. அந்த வாரத்தில் ஈன்ற ஆட்டுக்கு என்ன வைத்தியம் சொல்வது? நம் மாவட்டத்தில் ஐப்பசியும் கார்த்திகையும் ஆட்டுக்குப் பிரசவ மாதங்கள் ஆகக்கூடாது.

ஆகவே உங்களுக்கு நான் எழுதிக் கொடுக்கிற முதல் மருந்து, கிடாயைப் பிரித்து வைப்பது. பங்குனி பாதியில் கிடாயைத் தனியாகக் கட்டுங்கள். ஆடி முடியும் வரை மந்தையோடு விடாதீர்கள். ஆவணி முதல் தேதி அவிழ்த்து விடுங்கள். ஆவணி 1-லிருந்து 150 நாளை எண்ணிப் பாருங்கள், பொங்கலன்று வந்து நிற்கும். மழை ஓய்ந்து, வெயில் இதமாகி, நெல் அறுப்பு முடிகிற நேரம். குட்டி பிறக்க நம் ஊரில் இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆவணியிலும் புரட்டாசியிலும் சேர்ந்தவை தையிலும் மாசியிலும் ஈன்றுவிடும். பெட்டை ஆடு 18 முதல் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும், பருவம் ஒன்றிலிருந்து இரண்டு நாள் இருக்கும். கிடாய் இரண்டு மாதம் கூடவே இருந்தால் ஒரு முறை தவறினாலும் அடுத்ததில் பிடித்துவிடும்.

கிடாயைத் தனியாகக் கட்ட இடமில்லை, அது கத்திக்கொண்டே இருக்கும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் என்பீர்கள். எல்லாம் உண்மைதான். பகலில் மேய்ச்சலுக்குக் கூட அனுப்ப வேண்டியிருந்தால் அதன் அடிவயிற்றுக்கு முன்னால் தொங்குகிறாற்போல ஒரு சாக்குத் துணியை முதுகோடு சேர்த்துக் கட்டி விடுங்கள். ஏறினாலும் சேர முடியாது. துணி நனைந்து புண்ணாகாமல் தினம் பாருங்கள், இரவில் அவிழ்த்துத் தனியே கட்டுங்கள். மாமியாரிடமும் கேட்டுப் பாருங்கள். முன்பெல்லாம் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு கிடாய் இருக்காது. பருவத்துக்கு வந்த ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துக் கூட்டி வருவார்கள். எப்போது சேர்ப்பது என்பது அப்போது மனிதர் கையில் இருந்தது.

இப்போது குட்டியை இழந்த தாய்கள் சீக்கிரமே பருவத்துக்கு வரும். மார்கழியிலேயே சில சேர்ந்திருக்கலாம். அவை வைகாசியில் ஈனும். வெயில்தான், ஆனாலும் காய்ந்த தரை, நிழலும் தண்ணீரும் கொடுத்தால் குட்டி பிழைக்கும். தையிலிருந்து பங்குனி பாதிக்குள் சேர்பவை ஆனியிலிருந்து ஆவணி பாதிக்குள் ஈனும். அந்தக் குட்டிகள் மழை தொடங்கும்போது குறைந்தது ஒன்றரை மாதமாவது ஆனவையாக இருக்கும். ஆனால் தாடை வீங்கிய ஆடுகளை இந்தச் சுற்றில் சேர விடாதீர்கள். அவற்றுக்கு முதலில் ரத்தம் ஊற வேண்டும்.

தைக் குட்டியில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தையில் பிறந்த கிடாக்குட்டிக்கு ஐப்பசியில் ஒன்பது மாதம். ஒழுங்காகத் தீவனம் கிடைத்திருந்தால் 15 கிலோவைத் தாண்டியிருக்கும். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை வேப்பூர் சந்தை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புரட்டாசியில் பாதிப் பேர் கறி சாப்பிட மாட்டார்கள், விலை படுத்திருக்கும். அப்போது பணமுடை என்று விற்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். ஒரு மாதம் தாக்குப்பிடிக்கத் தீவனம் வைத்திருப்பவருக்கு அந்த விலை வித்தியாசம் மிச்சம்.

இனி பூச்சி மருந்து. நீங்கள் மாதம் தவறாமல் கொடுப்பது நல்லதுக்கு என்று நினைக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. தாடைக்குக் கீழே தொங்கும் பை பெரும்பாலும் ரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழுவின் வேலை. ஆட்டின் நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு, சிவப்பும் வெள்ளையும் திருகினாற்போல நூல் கனத்தில் இருக்கும். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைக்கு மேல் போடும். ரத்தம் குறைந்து, ரத்தத்தில் உள்ள புரதமும் குறைந்ததும் நீர் கசிந்து தாடையில் தேங்குகிறது. நாளெல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்துவிட்டு வருகிற சாயங்காலத்தில் பை பெரிதாகவும், காலையில் சுருங்கியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். கழிச்சல் இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. சாணி உருண்டையாகப் போட்டுக்கொண்டே வெளுத்துப்போய்ச் சாகும் ஆடுகள் உண்டு.

ஒரே மருந்தை மாதாமாதம் கொடுத்தால் சாகாமல் தப்பிய புழுக்கள் மட்டும் பெருகி, கடைசியில் அந்த மருந்து தண்ணீர் மாதிரி ஆகிவிடும். கண்ணால் எடை போட்டுக் குறைத்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் ஆகும். தொங்கு தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை. இன்னொன்று, பாட்டிலில் செம்மறிக்கு என்று போட்டிருக்கும் அளவு பல மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது, வெள்ளாட்டின் ஈரல் மருந்தை வேகமாகக் கழித்துவிடும். எனவே அளவை மருந்துக்கடையில் கேட்காமல் டாக்டரிடம் கேளுங்கள். ஆல்பெண்டசோல் வகை மருந்தைச் சினையின் முதல் மாதங்களில் கொடுக்கக் கூடாது. ஆவணிக்கும் ஐப்பசிக்கும் நடுவில் அதைத் தொடவே வேண்டாம். மாதாமாதம் கொடுத்ததில் ஆனியிலும் ஆடியிலும் இளஞ்சினைக்கு எந்த மருந்து போனது என்றும் பழைய பாட்டிலை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் எப்படித்தான் கொடுப்பது? கீழ் இமையைப் பாருங்கள். கட்டை விரலால் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நல்ல சிவப்பு என்றால் விட்டுவிடுங்கள். வெளிர் ரோஜா நிறம் என்றால் கண்காணியுங்கள். காகிதம் போல வெளுத்திருந்தால் அன்றே மருந்து. ஆப்பிரிக்காவின் தெற்கில் இதற்கென்று ஐந்து நிற அட்டையே உருவாக்கினார்கள். அட்டை இல்லாவிட்டாலும் பழகப் பழகக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஐப்பசி முதல் தை வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மற்ற காலத்தில் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். மந்தை முழுவதற்கும் கொடுப்பதை மழைக்கு முன் ஒன்று, மழை ஓய்ந்ததும் ஒன்று என்று நிறுத்திக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வெளுக்கிற ஆடு ஒன்றிரண்டு இருக்கும். பாதிப் புழுவை மந்தைக்கு அவைதான் பரப்பும். அவற்றைக் கழித்துவிடுங்கள், குட்டியையும் வளர்க்க வைக்க வேண்டாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது: தாடை வீங்கிய ஆடுகளின் புதுச் சாணியை ஒவ்வொன்றாகத் தனித்தனிச் சின்ன டப்பாவில் போட்டு, மேலே ஆட்டின் அடையாளத்தை எழுதி, காலையிலேயே கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். முட்டையைப் பார்த்தால் உருண்டைப் புழுவா, ஈரல் தட்டைப்புழுவா என்று தெரியும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால் உங்களுக்கு ஏரிக்குக் கீழே நஞ்சை இருக்கிறது. தட்டைப்புழு நத்தை வழியாக வருவது. அதுவும் தாடையை வீங்க வைக்கும், ஆனால் உருண்டைப் புழுவுக்குக் கொடுக்கிற மருந்துகளில் பல அதைத் தொடாது. நெல் அறுத்ததும் தாளில் ஆட்டை விடுவது நம் வழக்கம். மேட்டுப் பகுதியில் தாராளமாக விடுங்கள். வாய்க்கால் ஓரமும் தண்ணீர் தேங்கிய பள்ளமும் நன்றாகக் காயும் வரை வேண்டாம்.

மார்கழிப் பனியிலும் தைப் பனியிலும் விடிந்ததும் ஆட்டை அவிழ்ப்பது கெட்ட பழக்கம். சாணியிலிருந்து வந்த புழுக்குஞ்சுகள் பனித்துளியின் ஈரத்தில்தான் புல் நுனிக்கு ஏறும். ஒன்பது மணி வெயிலில் பனி உலர்ந்த பிறகு விடுங்கள். தலைக்கு மேலே எட்டித் தழை கடிக்கிற ஆட்டுக்குப் புழு குறைவு, தரையை நக்கி மேய்கிற ஆட்டுக்கு அதிகம். வெள்ளாடு இயல்பாகவே தழை கடிக்கிற பிராணி. நாம்தான் அதைப் புல்வெளியில் மாடு மாதிரி மேய்க்கிறோம்.

இந்த விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். பத்துப் பலா மரம் வைத்திருக்கிறீர்கள்! பலா இலை என்றால் ஆட்டுக்கு அவ்வளவு பிரியம். பழம் எடுக்கிற மரத்தை மொட்டையடிக்கச் சொல்லவில்லை. நிழலில் கிடக்கும் உள்கிளை, அடிமரத்துப் போத்து, உதிர்கிற பழுப்பு, இவையே ஓரளவுக்கு வரும். அதோடு வேலியோரம் அகத்தி, கிளிரிசிடியா, கல்யாண முருங்கை, சவுண்டல் நடுங்கள். புரட்டாசியில் நட்டால் மழையில் வேர் பிடித்துவிடும். அகத்தியை எட்டாவது மாதம் வெட்டத் தொடங்கலாம், பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. சவுண்டல் மட்டும் மொத்தத் தழையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அதில் உள்ள ஒரு நஞ்சு அதிகமானால் முடி கொட்டும், வளர்ச்சி குன்றும்.

பழக்காலத்தில் எச்சரிக்கை. பங்குனியிலிருந்து ஆனி வரை உங்கள் பக்கம் தெருவெல்லாம் பலாச் சடையும் தோலும்தான். தோலும் சடையும் கொஞ்சம் தின்றால் நல்லதுதான். கனிந்த சுளையும், கொட்டை கிள்ளிய முந்திரிப் பழமும் குவியலாகக் கிடைத்தால் ஆடு நிறுத்தாமல் தின்னும். வயிற்றில் புளித்து அமிலம் ஏறி, அசை போடுவது நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிடும். வயிறு பெரிதாக உப்பாமலும் இருக்கலாம், ஏமாறாதீர்கள். சமையல் சோடா 20 கிராமைத் தண்ணீரில் கரைத்து, தலையை அண்ணாந்து பிடிக்காமல், மெதுவாகப் புகட்டிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். முந்திரிக் கொட்டை காய வைத்த களத்துப் பக்கம் ஆட்டை அண்ட விடக் கூடாது, அந்தத் தோட்டு எண்ணெய் வாயை வேக வைத்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இந்த மாதத்திலேயே இருக்கிறது. தையும் மாசியும் முந்திரி பூக்கிற காலம், தேயிலைக் கொசு என்கிற பூச்சிக்கு மருந்து அடிக்கிற காலம். உங்கள் தோப்பில் நீங்கள் அடிக்காவிட்டாலும் பக்கத்துத் தோப்பில் அடிப்பார்கள். மருந்து மரத்தடிப் புல்லிலும் படியும், காற்றில் வரப்பு தாண்டியும் வரும். அடித்த தோப்பில் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி முடியும் வரை ஆட்டை விடாதீர்கள். எப்போது அடிக்கிறீர்கள் என்று அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். வாயில் நுரையாக எச்சில் ஒழுகி, நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி ஆடு விழுந்தால் அது விஷம். வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். எந்த மருந்து அடித்தார்கள் என்று அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள், டாக்டர் போடுகிற ஊசி அதைப் பொறுத்தது. யூரியா தூவிய வயல் தண்ணீரும், யூரியாச் சாக்கைக் கழுவிய தொட்டியும் இதே ரகம்.

மழைக்காலத் தீவனத்தைச் சித்திரையிலேயே சேர்த்து வைக்க வேண்டும். மார்கழிப் பட்டத்து மல்லாட்டை (நிலக்கடலை) சித்திரையில் பிடுங்குவார்கள். அந்தக் கொடி நல்ல வெயிலில் காய்வதால் இலை உதிராமல் பச்சை வாசனையோடு இருக்கும். மானாவாரி மல்லாட்டைக் கொடி புரட்டாசி மழையில் நனைந்து பூசணம் பிடிக்கும், அதை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். கணக்கு எளிது: ஆடு ஒன்றுக்கு நாளுக்கு அரைக் கிலோ கொடி, வெளியே விட முடியாத நாள் நாற்பது என்று வைத்தால், 18 ஆட்டுக்கு 360 கிலோ. போர் போட்டு மேலே தார்ப்பாய், அடியில் சவுக்குக் கழி பரப்பி வையுங்கள். குறிஞ்சிப்பாடி, சிதம்பரம் பக்கம் பங்குனியில் உளுந்து அடிக்கும்போது பொட்டும் (தோல்) கிடைக்கும், அதையும் மூட்டை கட்டி வைக்கலாம். பிண்ணாக்கு மட்டும் முன்கூட்டி வாங்கி அடுக்க வேண்டாம். மழை ஈரத்தில் மல்லாட்டைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அதன் நச்சு ஈரலைக் கெடுக்கும், சினை ஆட்டுக்குக் குட்டி விழும்.

அடர்தீவனம் வருஷம் முழுவதும் கொடுக்க உங்களுக்குக் கட்டாது. இரண்டு சமயத்தில் கொடுங்கள். கிடாய் விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, அதாவது ஆடிப்பெருக்குக்குக் கொஞ்சம் முன்னதாகத் தொடங்கி, பெட்டை ஒவ்வொன்றுக்கும் 200 கிராம். இரட்டைக் குட்டி தரிக்க வாய்ப்பு கூடும். அடுத்தது ஈனுவதற்கு முந்தின ஒன்றரை மாதம், கார்த்திகைப் பாதியிலிருந்து. வயிற்றுக் குட்டி எடை போடுவது அப்போதுதான். அந்தக் காலத்தில் பட்டினி கிடந்தால் இரட்டைக் குட்டி சுமக்கிற தாய் மயங்கிப் படுத்துவிடும். கம்போ மக்காச்சோளமோ பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, பிண்ணாக்கு ஐந்தில் ஒரு பங்கு, மீதி தவிடும் உளுந்துப் பொட்டும், நூற்றுக்கு இரண்டு தாது உப்பு, ஒன்று கல்லுப்பு. வீட்டிலேயே கலக்கலாம்.

கொட்டகையைப் பற்றி. 18 ஆட்டுக்கு லட்சக்கணக்கில் இரும்புப் பரண் போட்டால் வட்டியை ஆடு கட்டாது. 12 அடிக்கு 20 அடி இடம் போதும். அதில் ஒரு பாதியில் மட்டும், முழங்காலுக்கு மேல் உயரத்தில், சவுக்குக் கழியாலோ பனஞ்சட்டத்தாலோ மேடை கட்டுங்கள். இடைவெளி அரை அங்குலம். அதைத் தாண்டினால் குட்டியின் கால் மாட்டும். கூரை கீற்றாகவே இருக்கட்டும், ஆனால் புரட்டாசிக்குள் மாற்றிக் கட்டி, நாலு மூலையிலும் முளையடித்து இழுத்துக் கட்டுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது உங்கள் பக்கத்தில் முந்திரியும் பலாவும் எப்படிச் சாய்ந்தன என்று மாமியாருக்கு ஞாபகம் இருக்கும். பெரிய மரத்துக்கு நேர் அடியில் கொட்டகை வேண்டாம். வாடை வருகிற வடக்கிலும் கிழக்கிலும் ஆட்டின் உயரத்துக்குத் தார்ப்பாய் போதும், அதற்கு மேலே திறந்திருக்க வேண்டும். குளிருக்குப் பயந்து நாலு பக்கமும் மூடுகிறவர்கள்தான் மூத்திர நெடியில் ஆட்டுக்குச் சளி பிடிக்க வைக்கிறார்கள்.

என்ன ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒன்றிரண்டு குட்டி மழையில் விழத்தான் செய்யும். துடைத்து உலர்த்தி, தொப்புளில் டிங்சர் அயோடின் வைத்து, அரை மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வையுங்கள். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வாய் சில்லென்று இருந்தால் பால் புகட்டாதீர்கள், புரையேறும். முதலில் சாக்கில் சுற்றிப் பல்புச் சூட்டிலோ உங்கள் மடியிலோ வைத்துச் சூடேற்றி, அது உறிஞ்சத் தொடங்கிய பிறகு பால்.

தடுப்பூசி விஷயம் சுருக்கமாக. ஆட்டுக்கொல்லி நோய்க்கான ஊசியைக் கால்நடைத் துறையே முகாம் வைத்து இலவசமாகப் போடுகிறது. தைக் குட்டிகளுக்கு நாலு மாதம் ஆனதும், வைகாசியில் போடுங்கள். மூன்று வருஷம் தாங்கும். துள்ளுமாரி என்கிற குடல் நச்சு நோய்க்கு வருஷா வருஷம், மழைக்கு முன். முதல் தடவை போடுகிற ஆட்டுக்கு இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு ஊசி உண்டு, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சந்தையில் வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். விலை படியாமல் சந்தையிலிருந்து திரும்பி வருகிற உங்கள் சொந்த ஆடும் அப்படித்தான், அதுவும் அங்கே நூறு ஆட்டோடு மூக்கை உரசிவிட்டு வந்ததுதான்.

செத்த இரண்டு பெரிய ஆடும் எதனால் போயின என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. புழுவாக இருக்கலாம், சந்தையிலிருந்து கூட வந்த நோயாகவும் இருக்கலாம். இனி ஒன்று செத்தால் உடனே புதைக்காதீர்கள், நாய்க்கும் போடாதீர்கள். நிழலில் வைத்து, 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு அன்றைக்கே எடுத்துப் போய் அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் காலத்தில் ஆறு மணி நேரம் தாண்டினால் உள்ளுறுப்பு அழுகி ஒன்றும் தெரியாது. திடீரென்று செத்து மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் மட்டும் தொடாதீர்கள், திறக்காதீர்கள். அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கக்கூடும், மனிதருக்கும் தொற்றும். டாக்டர் வந்து பார்த்து, எங்கே எப்படிப் புதைப்பது என்று சொல்லட்டும்.